விழுந்தால் யார் பிடிப்பது? பாறை ஏறும் வகைகள், புதிதாக வருபவர்களுக்கு

பாறை ஏறப் போகிறேன் என்று முதல் முறை போனில் சொன்னபோது அம்மா, "சதுரகிரிக்கா? அமாவாசை போன வாரமே முடிஞ்சிருச்சேடி" என்றாள். எங்கள் ஊர் சாயல்குடிப் பக்கம். அங்கே மலை ஏறுவதென்றால் நேர்த்திக்கடன், கையில் ஒரு தடி, தோளில் ஒரு பை. வழியெல்லாம் பாறை இருந்தாலும் அது நடைதான். நான் போனது, கை வைக்காமல் ஓர் அடி கூட மேலே நகர முடியாத பாறைக்கு. அதை அம்மாவுக்கு விளக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

பெங்களூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். முப்பத்தேழு வயதில், முதுகுவலிக்கு நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். நீச்சல் குளத்துக்குப் பதிலாக அலுவலகத்துத் தம்பி ஒருவன், செயற்கைப் பிடிகள் பதித்த ஏறும் சுவர் உள்ள ஜிம் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனான். ஏழு வருடமாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாலைந்து புதியவர்களை நானே கூட்டிப் போகிறேன். ரயில் யஷ்வந்த்பூர் தாண்டுவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "அக்கா, போல்டரிங், லீடு, டிராட்னு என்னென்னமோ சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானே? நான் எதுல ஆரம்பிக்கட்டும்?"

ஏறுவது எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். காலை வைக்க ஓர் இடம், கை பிடிக்க ஓர் இடம், உடம்பை நகர்த்த ஒரு யோசனை. மாறுவது விழுவதற்குச் செய்துவைக்கும் ஏற்பாடு. ஆகவே எந்தப் பாறையின் கீழே நின்றாலும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே கை விட்டால் எவ்வளவு தூரம் விழுவேன்? எதன்மேல் விழுவேன்? யார், எது என்னைப் பிடிக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் அந்தப் பாணியின் பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

டாப் ரோப்: கிணற்று ராட்டினம்

புதியவர்களை நான் முதலில் நிறுத்தும் இடம் இதுதான். இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் பட்டைக்கு ஹார்னஸ் என்று பெயர். அதில் கட்டிய கயிறு மேலே போய், உச்சியில் அசையாமல் பொருத்திய ஆங்கர் என்ற பிடிமானத்தில் வளைந்து, கீழே நிற்பவரிடம் திரும்பி வருகிறது. நீங்கள் ஏற ஏற, அவர் தன் ஹார்னஸில் மாட்டிய ஒரு சிறு கருவி வழியாகத் தளரும் கயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பார். இந்த வேலைக்குப் பிலே என்று பெயர். கிணற்று ராட்டினம்தான், வாளிக்குப் பதில் நீங்கள். கை விட்டால் ஒரு முழம், மிஞ்சினால் இரண்டு முழம் இறங்கி அங்கேயே தொங்குவீர்கள்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. ஏறும் கயிறு ரப்பர் போலக் கொஞ்சம் நீளும். விழும் அதிர்ச்சி முதுகெலும்புக்குப் போகாமல் இருக்க அப்படித்தான் நெய்கிறார்கள். ஆனால் தரையிலிருந்து முதல் ஆள் உயரத்துக்குள் விழுந்தால் அந்த நீட்சியே உங்களைத் தரையில் உட்கார வைத்துவிடும். அதனால் தொடக்கத்தில் "கயிறு டைட்டா வைங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

பிலே செய்பவருக்கு ஒரே ஒரு சட்டம்: கருவிக்குக் கீழே வரும் கயிற்றைப் பிடித்திருக்கும் கை அதைவிட்டு எழவே கூடாது. கொசு கடித்தாலும், போன் அடித்தாலும். தானாகப் பிடித்து நிறுத்தும் கருவிகள் இப்போது வந்துவிட்டன, கிரிகிரி என்று எல்லோரிடமும் ஒன்று இருக்கும். அதை வைத்துக்கொண்டும் கையை எடுக்கக் கூடாது.

ஏறுவதற்கு முன் இருவரும் ஒருவரையொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். ஹார்னஸ் பக்கிள் இறுகியிருக்கிறதா? கயிறு ஹார்னஸின் இடுப்புப் பக்கத்து வளையம், கால் பக்கத்து வளையம் இரண்டின் வழியாகவும் போயிருக்கிறதா? எட்டு முடிச்சு இரண்டு சாரையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஓடுகிறதா, வால் ஒரு சாணாவது மிச்சமிருக்கிறதா? பிலே கருவிக்குள் கயிறு சரியான பக்கமாகப் போகிறதா? கருவியை ஹார்னஸில் மாட்டும் உலோகக் கொக்கி, அதாவது கேரபைனர், பூட்டியிருக்கிறதா? அதைக் கண்ணால் பார்த்தால் போதாது, அழுத்திப் பாருங்கள். கடைசியாக, கயிற்றின் மறுமுனையில் ஒரு முடிச்சு. முப்பது மீட்டர் உயரம் ஏறி இறங்க அறுபது மீட்டர் கயிறு வேண்டும். கொண்டுவந்தது ஐம்பது என்றால், இறக்கும்போது கயிற்று முனை கருவி வழியாக நழுவி வெளியே போய்விடும், ஏறியவர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவார். முனையில் ஒரு முடிச்சு போட்டிருந்தால் அது கருவியில் வந்து சிக்கி நிற்கும். அரை நிமிட வேலை.

இதையெல்லாம் அனுபவசாலிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்காதீர்கள். உலகின் மிகச் சிறந்த ஏறுபவர்களில் ஒருவரான லின் ஹில் 1989ல் பிரான்சின் பியூ என்ற இடத்தில் முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஏறினார். உச்சிக்குப் போய்க் கயிற்றில் சாய்ந்தார், கயிறு பிடிக்கவில்லை. இருபது மீட்டருக்கு மேல் விழுந்து, மரக்கிளைகள் தாங்கியதால் பிழைத்தார். நானும் ஒரு நாள் அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றிப் பேசிக்கொண்டே கயிற்றை வளையத்தில் நுழைத்துவிட்டு, முடிச்சின் இரண்டாம் பாதியைப் போடாமல் சுவரில் கை வைத்தேன். என் கயிற்றுத் துணை கோயம்புத்தூர்க்காரர், அதிகம் பேசாதவர். என் ஹார்னஸைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, "மேடம், கணக்கு முடியலைங்க" என்றார். அன்றிலிருந்து முடிச்சுப் போடும்போது யார் பேசினாலும் பதில் சொல்வதில்லை.

போல்டரிங்: ஒவ்வொரு விழுதலும் தரையில்தான்

கயிறில்லை, ஹார்னஸில்லை. ஷூ, கை வியர்வைக்குச் சாக் எனும் மெக்னீசியம் கார்பனேட் பவுடர், கீழே போட ஒரு தடித்த மெத்தை. பாறை நாலைந்து மீட்டர் உயரம்தான். அதனால் இதுதான் ஆபத்தில்லாதது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் பழக்கத்தில் கணுக்காலில் கட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் போல்டரிங்கில் வாங்கியவர்கள். காரணம் எளிது. கயிற்றில் நூறு முறை விழுந்தாலும் தரையைத் தொடமாட்டீர்கள். இங்கே நூறு முறை விழுந்தால் நூறு முறையும் தரை.

அதனால் ஏறக் கற்குமுன் விழக் கற்க வேண்டும். இரண்டு காலும் சேர்ந்து மெத்தையில் பட வேண்டும். முழங்கால் மடங்கி, குந்தி, அப்படியே முதுகில் உருள வேண்டும். கைகளை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள். பின்னால் ஊன்றக் கூடாது. ஊன்றினால் மணிக்கட்டு, இல்லை முழங்கை. சுவர் உள்ள இடத்தில் அரை ஆள் உயரத்திலிருந்து ஒரு இருபது முறை வேண்டுமென்றே விழுந்து பழகுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கீழே நிற்பவரின் வேலையும் பலருக்குப் புரிவதில்லை. விழுபவரைத் தாங்கிப் பிடிக்க முடியாது. எழுபது கிலோ மேலிருந்து வந்தால் உங்கள் விரல்தான் ஒடியும். கட்டைவிரலை உள்ளே ஒட்டி, கையைக் கரண்டி போல வைத்துக்கொண்டு, விழுபவரின் இடுப்பை மெத்தையின் பக்கம் தள்ளிவிட வேண்டும். தலை பாறையில் படாமல் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கடமை.

நம் பக்கத்தில் இதற்குத் தலைநகரம் ஹம்பி. துங்கபத்திரையின் இரு கரையிலும், யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனது போல உருண்டைக் கிரானைட் பாறைகள். அமெரிக்கரான கிறிஸ் ஷர்மா இங்கே ஏறியதை வைத்து 2003ல் ஓர் ஆவணப்படம் வந்தது. அதிலிருந்து குளிர்காலமானால் முதுகில் மெத்தையைக் கட்டிக்கொண்டு உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மெத்தையும் ஷூவும் வாடகைக்கே கிடைக்கும், பெங்களூரிலிருந்து ரயிலில் சுமந்துபோகத் தேவையில்லை.

ஹம்பிப் பாறை அழகு, ஆனால் உப்புக்காகிதம். மணி மணியாகத் துருத்தி நிற்கும் படிகங்கள் விரல் நுனித் தோலைச் சீவிவிடும். முதல் நாள் ஆசையில் ஏழு மணி நேரம் ஏறிவிட்டு, அடுத்த மூன்று நாளும் சாம்பார் சாதத்தைக் கரண்டியால் சாப்பிட்டவள் நான். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, பிறகு நாலரைக்கு மேல் இருட்டும் வரை, அதோடு நிறுத்துங்கள். நடுவில் வெயில் ஏறினால் கையும் வழுக்கும், ஷூ ரப்பரும் இளகும். ஏறி முடித்ததும் கையைக் கழுவித் தேங்காயெண்ணெய் தடவுங்கள். பெயர் தெரியாத விலையுயர்ந்த களிம்புகளை எல்லாம் முயன்றுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

ஏறத் தொடங்குமுன், இறங்கும் வழி எது என்று பாறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு "எப்படி இறங்குறது?" என்று கேட்பவர் ஒவ்வொரு பயணத்திலும் ஒருவர் இருப்பார். இன்னொன்று: மண்டபம், தூண், செதுக்கல் உள்ள பாறை, கோயிலுக்குச் சொந்தமான குன்று, இவற்றில் கை வைக்கவே கூடாது. ஹம்பி முழுக்கவே விஜயநகரத்தின் மிச்சம். எங்கே ஏறலாம் என்பதை உள்ளூரில் மெத்தை வாடகைக்குக் கொடுப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லீட்: கணக்குப் போட்டு விழுவது

எனக்குப் பிடித்தது இது. தொழில் புத்தியாக இருக்கலாம்.

டாப் ரோப்பில் கயிறு முன்னமே மேலே இருக்கிறது. லீடில் கயிறு உங்களோடு கீழிருந்து வருகிறது. பாறையில் இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாக எஃகு போல்ட் துளையிட்டு அடித்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் அடையும்போது, இரு முனையிலும் கேரபைனர் உள்ள குயிக்டிரா என்ற சிறு பட்டையின் ஒரு முனையைப் போல்ட்டில் மாட்டி, மறுமுனையில் கயிற்றை மாட்டிவிட்டு மேலே போவீர்கள். இப்படிப் போல்ட் அடித்த வழிகளில் ஏறுவதற்கு ஸ்போர்ட் கிளைம்பிங் என்று பெயர்.

விழுந்தால்? உங்கள் முடிச்சு கடைசிப் போல்ட்டுக்கு ஒரு மீட்டர் மேலே இருக்கிறது என்று வையுங்கள். போல்ட் வரைக்கும் ஒரு மீட்டர், அதைத் தாண்டிக் கீழே இன்னொரு மீட்டர், ஆக இரண்டு. கயிறு நீள்வது, பிலே செய்பவர் விட்டிருக்கும் தளர்வு இரண்டும் சேர்ந்தால் மூன்று. இரண்டு மீட்டர் மேலே இருந்தால் கணக்கு நாலில் தொடங்கும். மோசமான நேரம் எது தெரியுமா? அடுத்த போல்ட்டில் மாட்டுவதற்காகக் கயிற்றைக் கையால் தலைக்கு மேலே இழுத்துப் பிடித்திருக்கும் நேரம். இழுத்த கயிறும் விழும் தூரத்தில் சேரும். இரண்டாவது, மூன்றாவது போல்ட்டில் இப்படி நடந்தால் தரை மிகப் பக்கம். ஆகவே பதற்றத்தில் எட்டி மாட்டாதீர்கள். இன்னும் ஒரு அடி ஏறி, போல்ட் இடுப்புக்கோ மார்புக்கோ நேராக வந்ததும் மாட்டுங்கள். புதியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்: பயமாக இருக்கும்போது இன்னும் மேலே போகச் சொல்கிறாளே என்று. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கயிற்றைக் காலுக்குப் பின்னால் ஓட விடாதீர்கள். கயிறு எப்போதும் உங்களுக்கும் பாறைக்கும் நடுவில் இருக்க வேண்டும். பின்னங்காலில் சிக்கினால் விழும்போது தலைகீழாகக் கவிழ்த்துவிடும். குயிக்டிராவில் கயிறு பாறைப் பக்கமிருந்து வெளியே உங்கள் பக்கம் வர வேண்டும். திருப்பி மாட்டினால் விழும்போது கயிறே கேரபைனரைத் திறந்து வெளியேறக்கூடும்.

எடை வித்தியாசத்தையும் பாருங்கள். நான் ஐம்பத்திரண்டு கிலோ, கோயம்புத்தூர்க்காரர் எண்பத்தைந்து. பாதாமியில் அவர் முதல் முறை விழுந்தபோது நான் ராட்டின வாளியாகி மேலே பறந்தேன். முதல் குயிக்டிராவில் என் ஹெல்மெட் மோதி நின்றது. இருவரும் நடுவானத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி. இப்போது என் ஹார்னஸிலிருந்து ஒரு பட்டையைக் கீழே மரத்தோடு கட்டிக்கொள்கிறேன், அல்லது உராய்வைக் கூட்டும் ஒரு கருவியை முதல் போல்ட்டில் மாட்டுகிறோம்.

பாதாமி என்றதும் எல்லோருக்கும் 6ஆம் நூற்றாண்டுச் சாளுக்கியக் குடைவரைகள் நினைவுக்கு வரும். அதே செம்மணற்கல் ஊரைச் சுற்றி வளைந்து நிற்கிறது. இந்தியாவில் ஸ்போர்ட் கிளைம்பிங்குக்கு முதலில் சொல்லும் பெயர் அது. கிரானைட்டைப் போல விரலைக் கிழிக்காது. பட்டை பட்டையாகக் கிடைமட்ட விளிம்புகள், உள்ளங்கை நிறையப் பிடிக்கலாம். இரண்டு எச்சரிக்கை. மழை பெய்திருந்தால் ஏறாதீர்கள், நனைந்த மணற்கல் பலமிழந்து பிடிகள் பெயர்ந்து வரும். வெளியே காய்ந்ததாகத் தெரிந்தாலும் ஒரு நாளாவது பொறுங்கள். அடுத்தது குரங்கு. பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்த குரங்குகள் அவை. நான் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் தொங்கியபோது என் தயிர் சாதத்தை ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிட்டது.

ஒரு வழியை எப்படி ஏறி முடித்தீர்கள் என்பதற்கும் பெயர்கள் உண்டு. வேறு யாரும் ஏறுவதைப் பார்க்காமல், ஒரு தகவலும் கேட்காமல், முதல் முயற்சியிலேயே விழாமல் ஏறினால் ஆன்சைட். கேட்டுத் தெரிந்துகொண்டு முதல் முயற்சியில் ஏறினால் ஃபிளாஷ். பலமுறை விழுந்து பழகி, கடைசியில் ஒரு முறை விழாமல், கயிற்றில் தொங்காமல் ஏறினால் ரெட்பாயின்ட். 1970களில் ஜெர்மனியின் பிராங்கன்யூரா பகுதியில் கர்ட் ஆல்பர்ட் என்பவர், எந்த ஆணியையும் பிடித்து இழுக்காமல் தான் ஏறிய வழிகளின் அடியில் சிவப்புப் பொட்டு ஒன்று வரைந்தார். பெயர் அந்தப் பொட்டிலிருந்து வந்தது. எனக்கு ஒரு பொட்டுக்கு ஏழு வார இறுதிகள் ஆயின.

சாவன்துர்கா: கை வேலை செய்யாத இடம்

பெங்களூரை அடுத்த மாகடிக்குப் பக்கத்தில் சாவன்துர்கா, கடல்மட்டத்திலிருந்து 1226 மீட்டர். ஒற்றைக் கல்லாக எழுந்த குன்று. பெரும்பகுதி யானை முதுகு போலச் சாய்ந்த வழவழப்பு. பிடிக்க எதுவும் இருக்காது. உள்ளங்கையைப் பாறையில் ஊன்றி, ஷூ ரப்பரை மட்டும் நம்பி நடக்க வேண்டும். இந்தச் சாய்வு ஏற்றத்துக்கு ஸ்லாப் என்று பெயர்.

ஜிம்மில் பலம் சேர்த்த பையன்கள் இங்கேதான் அழுவார்கள். பயத்தில் உடம்பைப் பாறையோடு ஒட்டுவார்கள். ஒட்டினால் எடை காலில் இறங்காது, ரப்பர் வழுக்கும். இடுப்பைப் பாறையிலிருந்து வெளியே தள்ளுங்கள், குதிகாலைத் தாழ்த்துங்கள், சிறு சிறு அடி வையுங்கள். சின்ன வயதில் எங்கள் தெருவில் பனையேறும் தாத்தா ஒருவர் இருந்தார். விடியுமுன் பதநீர் இறக்கப் போவார். காலில் தளைநார், மரத்தை அணைத்த கை. "கையில தொங்குறவன் பாதி மரத்துல களைச்சுருவான், கால்ல நிக்கிறவன்தான் ஒரு நாளைக்கு முப்பது மரம் ஏறுவான்" என்பார். அது சாவன்துர்காவுக்கும் பொருந்தும் என்று முப்பது வருடம் கழித்துத் தெரிந்தது.

இங்கே ஒரு கயிற்று நீளத்தில் உச்சி வராது. பல துண்டுகளாக ஏற வேண்டும், ஒவ்வொரு துண்டும் ஒரு பிட்ச், முழுதும் சேர்ந்து மல்ட்டி பிட்ச். ஒருவர் முன்னே ஏறி, பாறையில் அடித்துள்ள ஆங்கரில் தன்னைக் கட்டிக்கொண்டு, அங்கிருந்து இரண்டாமவரை மேலே எடுப்பார். பிறகு அடுத்த துண்டு. "தீபாவளி", "பெளதிங்களு" என்று வழிகளுக்கு அழகான பெயர்கள். இரண்டாவதற்குக் கன்னடத்தில் நிலவொளி என்று பொருள். நிலவொளி வரை இருக்க நேர்ந்தால் அது பெருமையில்லை. விடியற்காலையில் தொடங்கி, பதினொரு மணிக்கு முன் இறங்கும் வழியில் இருக்கப் பாருங்கள். கல் சூடேறினால் ஷூவுக்குள் பாதம் வேகும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

இந்தப் பகுதிக் குன்றுகளில் மலைத்தேனீக்கள் பெரிய பெரிய அடைகள் கட்டும். பாறை ஏறுவதில் என்னை உண்மையாகவே பயமுறுத்துவது அவைதான், உயரம் இல்லை. கயிற்றில் தொங்கும்போது ஓட இடமில்லை. சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள், கத்தாதீர்கள், அடை தெரிந்தால் அந்த வழியை விட்டுவிடுங்கள். ராமநகரத்தில் இன்னொரு விஷயம்: 1975ல் வெளிவந்த ஷோலே படத்தை எடுத்த பாறைகள் என்று எல்லோருக்கும் தெரியும், ராமதேவர பெட்டா பாறு கழுகுகளின் சரணாலயம் என்பது பலருக்குத் தெரியாது. அங்கே ஏறாதீர்கள்.

டிராட்: நீங்களே மாட்டி, நீங்களே கழற்றுவது

போல்ட் இல்லாத பாறை. விரிசல்களில் நீங்களே உலோகத் துண்டுகளைச் செருகி, அதில் கயிற்றை மாட்டிப் போவீர்கள். பின்னால் வருபவர் அவற்றைக் கழற்றிக்கொண்டு வருவார். பாறையில் ஒரு தடமும் மிஞ்சாது. எவ்வளவு தூரம் விழுவேன் என்ற கேள்வியோடு, "நான் செருகினது பிடிக்குமா?" என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

இதன் வரலாறு எனக்குப் பிடிக்கும். பழைய பிரிட்டிஷ் ஏறுபவர்கள் விரிசலில் கூழாங்கல்லைச் சிக்கவைத்து அதைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பிறகு ரயில் தண்டவாளத்தின் ஓரம் கிடந்த மரை நட்டுகளைப் பொறுக்கி, ஓட்டையில் கயிறு கோத்துப் பயன்படுத்தினார்கள். இன்றைக்கும் அந்த ஆப்புக்குப் பெயர் நட்தான். 1970களில் ரே ஜார்டின் என்ற அமெரிக்கப் பொறியாளர், விசையை இழுத்தால் சுருங்கி, விட்டால் விரிந்து விரிசலை நெருக்கிப் பிடிக்கும் கருவியை உருவாக்கினார். கேம் என்பது அது. இணையான சுவர் கொண்ட விரிசலில் நட் நிற்காது, கேம் நிற்கும்.

இதையும் தானாகக் கற்கவே கூடாது. ஒரு வருடம் இரண்டாமவராகப் போய், முன்னே போனவர் செருகியதைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். எது சுலபமாக வந்தது, எது பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது என்று கை கற்றுக்கொள்ளும்.

"ஃப்ரீ" என்றால் கயிறில்லாமல் என்று பொருளில்லை

இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் விட முடியாது. ஃப்ரீ கிளைம்பிங் என்றால், மேலே நகர்வது உங்கள் கை காலால் மட்டும், கயிறு விழுந்தால் பிடிப்பதற்கு மட்டும். நீங்கள் ஜிம்மில் செய்யப்போவதும் ஃப்ரீ கிளைம்பிங்தான். இதற்கு எதிர்ப்பதம் எய்ட் கிளைம்பிங்: ஆணியடித்து, அதில் நூலேணி மாட்டி, அதன்மேல் நின்று ஏறுவது.

அமெரிக்காவின் யோசெமிட்டியில் எல் கேப்டன் என்று சுமார் 900 மீட்டர் உயரக் கிரானைட் சுவர். அதன் மூக்குப் போன்ற வழியை 1958ல் வாரன் ஹார்டிங் குழு முடித்தபோது ஒன்றரை வருடத்தில் விட்டு விட்டு நாற்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அது எய்ட். அதே வழியை 1993ல் முதன்முதலில் ஃப்ரீயாக ஏறியவர், நாலு வருடம் முன் முடிச்சுப் போட மறந்து விழுந்த அதே லின் ஹில். மறு வருடம் 24 மணி நேரத்துக்குள் திரும்ப ஏறினார். எல் கேப்டனிலேயே டான் வால் என்ற பகுதியை டாமி கால்டுவெல், கெவின் ஜார்ஜெசன் இருவரும் 2015 ஜனவரியில் 19 நாள் சுவரிலேயே தூங்கி ஃப்ரீயாக முடித்தார்கள். கயிற்றில் எத்தனையோ முறை விழுந்தார்கள். கால்டுவெல்லுக்கு இடது ஆட்காட்டி விரல் பாதி கிடையாது.

2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் அங்கே செய்தது ஃப்ரீ சோலோ: கயிறே இல்லாமல், நான்கு மணி நேரத்துக்குள். என் மூன்று கேள்விக்கும் அதில் ஒரே பதில்தான். ஹானல்ட் அந்த வழியைக் கயிற்றோடு எத்தனையோ முறை ஏறி, அசைவு அசைவாக மனப்பாடம் செய்தவர். எங்களோடு வந்த கல்லூரிப் பையன் ஒருவன் கயிறில்லாமல் பத்து மீட்டர் ஏறி செல்ஃபி எடுத்தான். அவனை அடுத்த பயணத்துக்கு நான் அழைக்கவில்லை.

கயிறில்லாமலும் ஓரளவு உருப்படியாகச் செய்ய ஒரு வழி உண்டு: ஆழமான கடலுக்கு மேலே தொங்கும் பாறையில் ஏறி, விழுந்தால் தண்ணீரில் விழுவது. ஸ்பெயினின் மயோர்க்கா தீவு இதற்குப் பேர்போனது. எனக்கு நீச்சல் தெரியாது என்பதால் இதைப் பற்றி மேலும் பேச யோக்கியதை இல்லை. பனி ஏற்றம் வேறு உலகம்; குளிர்காலத்தில் உறைந்த அருவிகளில் இரு கையிலும் கோடரி, காலில் முள் கட்டிக்கொண்டு ஏற ஸ்பிட்டிக்குப் போகிறார்கள். நான் ஊட்டி டிசம்பருக்கே ஸ்வெட்டர் போடுகிறவள்.

டிவியில் பார்ப்பது மூன்று: போல்டர், லீட், ஸ்பீடு. ஸ்பீடு மட்டும் விசித்திரமானது. 15 மீட்டர் சுவர், கொஞ்சம் முன்னால் சாய்ந்தது, உலகமெங்கும் அதே பிடிகள் அதே இடத்தில். மனப்பாடப் பாட்டை வேகமாக ஒப்பிப்பது மாதிரி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவின் வெத்ரிக் லியோனார்டோ 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வாங்கினார். அதே நாளில் மூன்றாம் இடத்துக்கான ஓட்டத்தில் அமெரிக்காவின் சாம் வாட்சன் 4.74ல் ஏறி உலக சாதனை செய்து, வெண்கலம் வாங்கினார். கணக்குப் பார்க்கிறவளுக்கு இது இன்னும் உறுத்துகிறது.

எண்களைப் பற்றி

ஒரு வழி எவ்வளவு கடினம் என்பதை எண்ணால் சொல்வார்கள். அமெரிக்க முறையில் கயிற்று வழிகள் 5ல் தொடங்கும்: 5.6, 5.9, 5.10. இதில் 5.9ஐ விட 5.10 கடினம். தசமம் படித்தவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், அதை "ஃபைவ் டென்" என்றுதான் சொல்ல வேண்டும். பிரெஞ்சு முறையில் 5சி, 6ஏ, 6ஏ பிளஸ் என்று போகும். நம் பாறைகளில் இரண்டையும் கேட்பீர்கள். போல்டரிங்குக்கு வி0 முதல் வி17 வரை. ஜிம்மில் வி4 ஏறுகிறவர் ஹம்பியில் வி1ல் விழுவது வழக்கம். ஜிம்மில் பிடி மஞ்சள் நிறத்தில் இருக்கும், பாறையில் நீங்கள்தான் தேட வேண்டும்.

எதில் ஆரம்பிக்க

ஒரு மாதம் உட்புறச் சுவரில் டாப் ரோப். பிலே செய்ய ஆள் வைத்துச் சொல்லித் தருவார்கள், அதைக் கற்றுக்கொண்டு நீங்களும் மற்றவருக்குப் பிலே செய்யுங்கள். நடு நடுவே போல்டரிங் மெத்தையில் விழுந்து பழகுங்கள். பிறகு குளிர்காலம் வந்தால் ஹம்பி. லீட் கற்பதற்கு முன் ஆறு மாதமாவது போகட்டும். அதை வீடியோ பார்த்துக் கற்காதீர்கள், கூட நின்று கயிற்றைப் பிடித்துக் காட்டும் ஆள் வேண்டும்.

ஷூவை முதல் மாதம் வாடகைக்கு எடுங்கள். வாங்கும்போது விரல் நுனி தொட வேண்டும், மடங்கி வலிக்கக் கூடாது. "இறுக்கமா இருந்தாதான் ஏற முடியும்" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள், அது பத்து வருடம் ஏறியவர்களுக்கு. ஹார்னஸ், கயிறு, கேரபைனர் இவற்றைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். எத்தனை வெயில், எத்தனை விழுதல் பார்த்தது என்று விற்பவர் சொல்லமாட்டார். பாறைக்குப் போனால் ஹெல்மெட், தலைக்கு மேலே ஆடு மேய்ந்தாலே கல் உருளும். புடவைக் கடைப் பையளவு ஒரு பை போதும்: தண்ணீர், இரண்டு வாழைப்பழம், விரலுக்கு ஒட்டும் டேப், தேங்காயெண்ணெய்.

மோதிரம், வளையல், மெட்டி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். மோதிரம் விரிசலில் மாட்டினால் விரல் போய்விடும். தாலியைக் கழற்றச் சொல்லமாட்டேன், சட்டைக்குள் போட்டு ஊக்குக் குத்துங்கள். நகத்தை முந்தின நாள் இரவே வெட்டுங்கள், காலையில் வெட்டினால் நுனி எரியும்.